வீட்டுக் கம்பியூட்டர் எடிட்டிங்குக்குக் காணுமா?

இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றியே கடிதங்கள் வந்திருக்கின்றன. திருவிழாவும் கலியாணங்களும் முடிந்து, எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்ட எல்லாரும் உட்கார்ந்திருக்கிறீர்கள், உட்கார்ந்த இடத்தில் கம்பியூட்டர் திணறுகிறது. ஆகவே வேறு கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இதையே பேசுவோம்.

கேள்வி: அண்ணா, நான் உப்புவெளியில் இருக்கிறேன். சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று சின்னச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்கிறேன். போனில் 4கேயில்தான் எடுப்பேன். மாமா பாவித்த டெஸ்க்டொப் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். டைம்லைனில் போட்டு ஓடவிட்டால் குரல் போய்க்கொண்டே இருக்கிறது, படம் நின்று நின்று வருகிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன், இது காணாது, புதுசு வாங்கு என்றார்கள். அம்மா சீட்டுக் காசு எடுத்துத் தருகிறேன் என்கிறார். வாங்கட்டுமா? (கம்பியூட்டரின் படமும் இணைத்திருக்கிறேன்.)

பதில்: தம்பி, அம்மாவின் சீட்டுக் காசை இப்போதைக்குத் தொட வேண்டாம். உங்கள் கம்பியூட்டர் 4கேக்குக் காணாது என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் செய்கிற வேலைக்குக் காணும். இரண்டும் ஒன்றல்ல.

ஐ5 என்பது கம்பியூட்டரின் மூளையான சிப்பின் (சிபியூவின்) பெயர், அதை மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. 2009 தொடக்கம் இன்டெல் அந்தப் பெயரில் விற்றுக்கொண்டு வருகிறது, அன்றைக்கு வந்ததும் ஐ5, போன வருடங்களில் வந்ததும் ஐ5. பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் இலக்கம். நீங்கள் அனுப்பிய படத்தில் ஐ5-4570 என்று தெரிகிறது, முதல் இலக்கம் 4, அதாவது 4ஆம் தலைமுறை, 2013இல் வந்தது. ஐ5-10400 என்று இருந்தால் அது 10ஆம் தலைமுறை. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து சிஸ்டம் என்பதைத் திறந்தால் யாரும் பார்த்துக்கொள்ளலாம், கடைக்காரரிடம் கேட்கத் தேவையில்லை.

இனி உங்கள் போனுக்கு வருவோம். இப்போதைய போன்கள் 4கே வீடியோவை இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் பெரும்பாலும் எச்இவிசி என்ற முறையில் சுருக்கி வைக்கின்றன. அந்த முறை வெளியானதும் அதே 2013இல்தான். உங்கள் சிப்பை வடிவமைத்தவர்கள் கையில் அப்போது அந்த முறையே முழுதாக இல்லை, அதனால் அதைப் பிரித்துக் காட்டுவதற்கென்று ஒரு தனிப் பகுதி அந்தச் சிப்பில் கிடையாது. இன்டெல் அதைச் சேர்த்தது 6ஆம் தலைமுறையில், 10 பிட் என்கிற கூடுதல் நிறத்தோடு வருகிற வீடியோவுக்கு 7ஆம் தலைமுறையில். எச்264 என்ற பழைய முறை 2003இல் வந்தது, அதற்கான பகுதி உங்கள் சிப்பில் இருக்கிறது. ஆக, பலம் போதாமல் படம் நிற்கவில்லை. தனக்குத் தெரியாத ஒரு பாஷையை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் படிக்கச் சொன்னால் யாருக்கும் நாக்குத் தடுக்கத்தான் செய்யும்.

சுருக்குவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும். தேர் இழுபடுகிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கோபுரம் அசையவில்லை, வானம் அசையவில்லை, தேரும் வடம் பிடிக்கிற சனமும்தான் அசைகிறது. போன் என்ன செய்கிறது என்றால் ஒரு முழுப்படத்தை எழுதி வைத்துவிட்டு, அடுத்து வரும் பல படங்களுக்கு எது மாறியது என்பதை மட்டும் எழுதுகிறது. அப்புறம் மறுபடி ஒரு முழுப்படம். அதனால்தான் பைல் சின்னதாக இருக்கிறது. முதலிலிருந்து கடைசி வரை நேரே ஓடவிட்டுப் பார்க்கிறவருக்கு இதில் பிரச்சினை இல்லை. எடிட் செய்கிற நாம் அப்படியா பார்க்கிறோம், அங்கே தாவுகிறோம், இங்கே தாவுகிறோம், பின்னோக்கி இழுக்கிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் கம்பியூட்டர் பின்னால் போய் கடைசி முழுப்படத்தைத் தேடி எடுத்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு நீங்கள் நிற்கிற இடத்துக்கு வர வேண்டும். அதோடு 4கே படம் ஒன்றில் 82 இலட்சத்துக்கு மேல் புள்ளிகள், 1080பி என்கிற ஃபுல் எச்டியில் 20 இலட்சத்துச் சொச்சம், நான்கு மடங்கு வித்தியாசம். விரித்துப் பார்த்தால் ஒரு 4கே படம் கிட்டத்தட்ட 25 எம்பி, செக்கனுக்கு 25 படம் என்றால் 620 எம்பிக்கு மேல் ஒவ்வொரு செக்கனும் உள்ளே புரள வேண்டும்.

சரி, என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். எடிட்டிங் மென்பொருளில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் சிபியூ 100இல் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, மெமரி 90ஐத் தாண்டி நிற்கிறதா, டிஸ்க் 100இல் நிற்கிறதா என்று பாருங்கள். எது முட்டி நிற்கிறதோ அதுதான் தடை. உங்களுடையதில் சிபியூவாகத்தான் இருக்கும். பிறகு போனில் கமரா செட்டிங்கை 1080பிக்கும் எச்264க்கும் மாற்றி (ஐபோனில் கமரா, ஃபோர்மட்ஸ், மோஸ்ட் கம்பற்றிபிள், மற்றப் போன்களில் ஹை எபிஷியன்சி வீடியோ என்பதை நிறுத்த வேண்டும்) வீட்டு முற்றத்தில் அரை நிமிடம் எடுத்து அதையும் ஓடவிடுங்கள். அது வழுக்கிக்கொண்டு போனால் உங்கள் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

உங்களிடம் சாமத்திய வீட்டு வீடியோ வாங்குகிறவர்கள் அதை எங்கே பார்க்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். கனடாவில் இருக்கிற பெரியம்மா போனில் பார்க்கிறார், வீட்டில் தொலைக்காட்சியில் பென் டிரைவ் குத்திப் பார்க்கிறார்கள். 1080பியில் நல்ல வெளிச்சத்தில், கை ஆடாமல் எடுத்ததை இவர்களில் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. 4கேயில் எடுப்பதற்கு ஒரே ஒரு நல்ல காரணம், பிறகு வெட்டிப் பெரிதாக்கலாம் என்பது. அது தேவைப்படுகிற காட்சியை மட்டும் 4கேயில் எடுங்கள்.

ஏற்கெனவே 4கேயில் எடுத்து வைத்திருக்கிறதை என்ன செய்வது? புரோக்ஸி. காசு செலவில்லாத மருந்து இதுதான், எடிட்டிங் செய்கிற எத்தனையோ பொடியன்களுக்கு இது தெரியாமலே இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒவ்வொரு வீடியோவுக்கும் சின்ன அளவில், இலகுவாகப் பிரிக்கக்கூடிய ஒரு நகலை மென்பொருளே உருவாக்கும், நீங்கள் அந்த நகலை வைத்து வெட்டி ஒட்டுவீர்கள், கடைசியில் ரெண்டர் செய்யும்போது, அதாவது முடிந்த வீடியோவாக எழுதி எடுக்கும்போது, அது அசல் 4கேயை எடுத்துக்கொள்ளும். கேடென்லைவ் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் புரொஜெக்ட் செட்டிங்ஸில் புரோக்ஸி என்பதைச் சரி போட்டுவிட்டால் போதும். ஷொட்கட்டிலும் இருக்கிறது, பிரீமியரிலும் இருக்கிறது. நகல் உருவாக நேரம் எடுக்கும், இரவு போட்டுவிட்டுப் படுங்கள், காலையில் எழும்பிப் பார்த்தால் அதே மாமாவின் கம்பியூட்டரில் 4கே வழுக்கிக்கொண்டு ஓடும். ஒன்றே ஒன்று, அசல் பைல்களின் பெயரையோ போல்டரையோ இடையில் மாற்றிவிடாதீர்கள், பிறகு அது அசலைத் தேடி அலையும்.

அதற்குப் பிறகும் கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க். ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100, 150 எம்பி படிக்கும், அதுவும் ஒழுங்காக வரிசையில் இருந்தால். பழைய கம்பியூட்டரில் பொருந்துகிற சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பி வரை படிக்கும், அங்கே இங்கே தாவுவதில் வித்தியாசம் இன்னும் பெரிது. விண்டோஸையும் இப்போது செய்கிற வேலையையும் எஸ்எஸ்டியில் வையுங்கள், முடிந்த வேலையைப் பழைய டிஸ்க்கில் வையுங்கள். அடுத்தது ராமை 16 ஆக்குவது. உங்களுடையது டிடிஆர்3 என்ற பழைய வகை ராம், பாவித்ததாகவே எடுக்கலாம், ஆனால் டிடிஆர்4 வாங்கி வந்து பொருந்தவில்லை என்று நிற்காதீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தாலும் புதுக் கம்பியூட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. 4ஆம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, அது 8ஆம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. அந்தக் கம்பியூட்டரை எடிட்டிங்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வங்கிக் கணக்கெல்லாம் அதில் திறக்க வேண்டாம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டாலும் கேடென்லைவ் அதில் நன்றாக ஓடும்.

எப்போது புதுசு வாங்கலாம்? கலியாணம் ஒன்றை இரண்டு மூன்று கமராவில் 4கேயில் எடுத்து, நிறம் திருத்தி, கிழமைக்கு ஒன்று கொடுக்க வேண்டிய நிலை வரும்போது. அந்த நேரம் கம்பியூட்டர் தரும் காசிலேயே கம்பியூட்டர் வாங்கலாம், சீட்டு எடுக்கத் தேவையிருக்காது.

கேள்வி: நான் கிண்ணியா. கலியாண வீடியோ எடுக்கிறது பத்து வருஷத் தொழில். போன வருஷம் நல்ல லப்டொப் ஒன்று வாங்கினேன், 11ஆம் தலைமுறை, 16 ஜிபி ராம். காலையில் அருமையாக வேலை செய்கிறது. பகலில் பத்து நிமிஷம் ஓடினால் ஆமை மாதிரி ஆகிவிடுகிறது. விற்ற இடத்தில் கேட்டால் மெஷினில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை நானா, நீங்கள் ஏமாறவில்லை. காலையில் நன்றாக ஓடுகிறது, பகலில் படுக்கிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. இது சூடு.

சிப் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். 100 பாகைக்குக் கிட்டப் போனதும் எரிந்துவிடாமல் இருக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மனேஜரில் சிபியூ பக்கத்தைத் திறந்தால் ஸ்பீட் என்று ஜிகாஹேர்ட்ஸில் ஒரு எண் காட்டும், ரெண்டர் போட்டுவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருங்கள். முதல் நிமிஷத்தில் 3.5, 4 என்று நின்றது பத்தாவது நிமிஷத்தில் பாதிக்குக் கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம். சிங்கப்பூரிலோ லண்டனிலோ ஏசி அறைக்குள் இருந்து எடிட் செய்கிறவருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு வராது. நமக்குக் கச்சான் அடிக்கிற மாதங்களில் பகலில் 35 பாகையைத் தொடுகிறது, லப்டொப்பின் காற்றாடி உள்ளே இழுக்கிறதே அந்த வெக்கையைத்தான்.

நம்முடைய ஊருக்கு இன்னொன்றும் இருக்கிறது. திருக்கடலூரில் கடற்கரையோடு ஒட்டின ஒரு வீட்டில் இருந்து வந்த லப்டொப்பைப் போன கிழமை திறந்து பார்த்தேன். காற்றாடிக்கும் அது காற்றை ஊதுகிற தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது, நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தேன், துணித்துண்டு மாதிரி முழுதாக வந்தது. தூசியும் கடல் ஈரமும் சேர்ந்து இறுகினது. செம்புக் குழாயில் அங்கங்கே பச்சை பூத்திருந்தது, ஸ்க்ரூத் தலைகளில் துரு. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. துடைத்து, சிப்பின் மேல் காய்ந்து போயிருந்த, சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு பூசிப் பூட்டினேன், அந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலம் எடுத்த ரெண்டரை அன்றைக்கு முப்பத்தைந்து நிமிஷத்தில் முடித்தாள்.

ஆகவே நானா, உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் விற்ற இடத்திலேயே காற்றாடியைத் துப்புரவு செய்து தரச் சொல்லுங்கள், நீங்களாகத் திறந்தால் உத்தரவாதம் போய்விடக்கூடும். அதுவரை லப்டொப்பின் பின் பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள், மெத்தையில் வைக்கவே வேண்டாம், காற்று இழுக்கிற துளைகள் அடியில் இருக்கின்றன. கடல் பக்க ஜன்னலுக்கு நேரே மேசையைப் போடாதீர்கள். சார்ஜரைக் குத்தியே வேலை செய்யுங்கள், பெற்றரியில் ஓடும்போது அது வேண்டுமென்றே மெதுவாகும். வெட்டி ஒட்டுகிறதைப் பகலில் செய்யலாம், ரெண்டரை இஷாவுக்குப் பிறகு போட்டுவிட்டுப் படுங்கள்.

கேள்வி: தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன் அண்ணா, ஏ.எல். படிக்கிறேன். பாடசாலைப் போட்டிக்கு ஐந்து நிமிடக் குறும்படம் செய்ய வேண்டும். லப்டொப்பில் 4 ஜிபி ராம்தான். முடியுமா?

பதில்: தங்கச்சி, அந்த லப்டொப்பை விடுங்கள், போனிலேயே எடிட் செய்யுங்கள். போனுக்குத் தான் எடுத்த வீடியோவைப் பிரிக்கிற பகுதி உள்ளேயே இருக்கிறது, அதனால் 4 ஜிபி லப்டொப் திணறுகிற இடத்தில் போன் திணறாது. காட்சிகளை நண்பர்களிடமிருந்து வாங்கும்போது வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது நசுக்கிவிடும். டொக்யுமென்ட் என்று போட்டு அனுப்பச் சொன்னால் அசலாகவே வரும், 2 ஜிபி வரை போகும். குரலை நன்றாகப் பதிவு செய்யுங்கள், படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நடுவர்கள் பொறுப்பார்கள், வசனம் கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

கேள்வி: நிலாவெளியில் ஒரு பட்டிமன்றத்தை இரண்டு மணித்தியாலம் போனில் எடுத்தேன். எடிட்டிங்கில் போட்டால் ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கம்பியூட்டருக்குப் பலம் போதாததால்தானே இப்படி?

பதில்: பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எவ்வளவு பெரிய கம்பியூட்டர் வாங்கினாலும் இது இப்படியேதான் இருக்கும், அதனால்தான் இந்தக் கடிதத்தை இங்கே சேர்த்தேன்.

போன் செக்கனுக்கு 30 படம் எடுப்பதாகச் சொல்லும், ஆனால் வெளிச்சம் குறைந்தால், அல்லது சூடு ஏறினால், 28, 26 என்று தானே குறைத்துக்கொள்ளும், பிறகு ஏற்றிக்கொள்ளும். குரல் மட்டும் ஒரே சீராகப் பதிவாகும். எடிட்டிங் மென்பொருள்கள் சில, படமும் ஒரே சீராக வந்திருக்கிறது என்று நம்பி அடுக்குகின்றன. ஐந்து நிமிட வீடியோவில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் இரண்டு மணித்தியாலத்தில் பேச்சாளர் உட்கார்ந்த பிறகு அவர் குரல் கேட்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்த வீடியோவைப் போட்டு, வீடியோப் பகுதியில் ஃபிரேம் ரேட்டை (செக்கனுக்கு எத்தனை படம் என்பதை) 30 என்றும் அதற்குக் கீழே கொன்ஸ்டன்ட் (ஒரே சீர்) என்றும் தெரிவு செய்து மாற்றி எடுங்கள். பிறகு எடிட்டிங்கில் போடுங்கள். கையில் இருக்கிற பட்டிமன்றத்தை இப்படியே காப்பாற்றிவிடலாம், மறுபடி எடுக்கத் தேவையில்லை.

மற்றது, மண்டபத்து டியூப் லைட்டில் எடுத்த படத்தில் மெல்லிய கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஊர்வதையும் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், லைட் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். செக்கனுக்கு 25 படம், ஷட்டர் வேகம் செக்கனில் 50இல் ஒரு பங்கு என்று வைத்து எடுத்தால் அந்தப் பட்டை வராது. கையால் மாற்ற விடுகிற கமரா ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி: லிங்கநகரிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். மகன் யூடியூப் செய்ய வேண்டும் என்கிறான், அவனுடைய அப்பா வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியிருக்கிறார். ஒரு இடத்தில் ஐ5-12400எஃப், ஜிடி 730 கிராபிக்ஸ் கார்ட், 8 ஜிபி ராம், லைட் எல்லாம் எரிகிற பெட்டி என்று எழுதித் தந்தார்கள். இது சரியா?

பதில்: அக்கா, இதை வாங்காதீர்கள். அந்தச் சிப் நல்ல சிப்தான், பிழை கடைசி எழுத்தில் இருக்கிறது. இன்டெல் சிப்பின் இலக்கத்துக்குப் பின்னால் எஃப் என்று வந்தால் அதற்குள்ளே கிராபிக்ஸ் பகுதி இல்லை என்று அர்த்தம். வீடியோவைப் பிரிக்கிறதும் சுருக்குகிறதுமான பகுதி இருப்பது அந்தக் கிராபிக்ஸுக்குள்ளேதான். அதை எடுத்துவிட்டு ஜிடி 730 போட்டுத் தருகிறார்கள், அந்தக் கார்டுக்கு எச்இவிசியைப் பிரிக்கத் தெரியாது. அப்படியானால் புதுக் காசு கொடுத்து உப்புவெளித் தம்பியின் பழைய கம்பியூட்டரில் இருக்கிற அதே குறையை வாங்குகிறீர்கள். அதற்குப் பதில் ஜிடி 1030 போட்டுத் தருகிறோம் என்று சொன்னாலும் வேண்டாம், அது பிரிக்கும், சுருக்கித் தராது.

எஃப் இல்லாத ஐ5-12400 கேளுங்கள், தனிக் கார்ட் வேண்டாம். அந்த மிச்சக் காசில் ராம் 16 ஜிபி, ஒரு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவை விட வேகமான வகை), அப்புறம் நல்ல பவர் சப்ளை. பெட்டியின் லைட்டுக்குக் கொடுக்கிற காசை மகனுக்கு ஒரு மைக் வாங்கக் கொடுங்கள். பின்னால் அவன் டாவின்சி ரிசோல்வ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பழக விரும்பினால் அதற்குச் சொந்த மெமரி உள்ள நல்ல கார்ட் வேண்டும், அன்றைக்கு வாங்கிப் பூட்டலாம், இடம் இருக்கும். காசு குறைவென்றால் பாவித்த ஒபிஸ் கம்பியூட்டரும் பார்க்கலாம், 8ஆம் தலைமுறைக்குக் குறையாமல் பாருங்கள். சின்னப் பெட்டியாக வருகிறதில் பிறகு பெரிய கார்ட் போட இடம் இருக்காது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: மூதூர். எடிட் செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போய் மூன்று நாள் வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது. வீட்டு விசேஷங்கள் எல்லாம் அதில்தான். பெரிய யூபிஎஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: யூபிஎஸ்ஸை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். டக் டக் என்பது உள்ளே படிக்கிற முனை தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிற சத்தம். இன்னும் ஒரு தடவை ஏற்றிப் பார்ப்போம், இன்னும் ஒரு தடவை என்று நீங்கள் கரண்ட் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் மிச்சம் இருக்கிறதையும் அது சுரண்டக்கூடும். டிஸ்க்கைத் திறந்து மீட்கிற இடத்துக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும், செலவு வரும், எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று வாக்குத் தரவும் முடியாது.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் எனக்கும் ஒரு டிஸ்க் இப்படித்தான் போனது. அதில் ஒரு கலியாண வீட்டின் அசல் வீடியோ இருந்தது. வெட்டிக் கொடுத்த ஒன்றரை மணித்தியாலம் அவர்களிடம் இருக்கிறது, ஆனால் பொம்பிளையின் தாத்தா மணவறைக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து தேவாரம் பாடியதை நான் நீளம் என்று வெட்டியிருந்தேன். அடுத்த வருடம் அவர் காலமானார், அந்தப் பிள்ளை வந்து தாத்தா பாடியது முழுதாக இருக்கிறதா அண்ணா என்று கேட்டது. என்னிடம் இருக்கவில்லை. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எடுத்த அன்றிரவே இரண்டு டிஸ்க்கில் கொப்பி போடுகிறேன், ஒன்று என் வீட்டில், மற்றது அக்கா வீட்டில். இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் மெமரி கார்டை அழிக்கிறேன். புரொஜெக்ட் பைல் சில எம்பிதான், வேலை முடிந்து எழும்பும்போது எனக்கே ஈமெயில் போட்டுவிடுகிறேன், வீடியோ இருந்து புரொஜெக்ட் இருந்தால் மூன்று நாள் வேலையை அரை மணித்தியாலத்தில் திரும்ப எழுப்பலாம். யூபிஎஸ் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் பெரிசு தேவையில்லை. 650 விஏ ஒன்று டெஸ்க்டொப்பைச் சில நிமிடங்கள் பிடித்து வைக்கும், சேவ் செய்து ஒழுங்காக நிறுத்த அது காணும். ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள், கரண்ட் வந்த பிறகு திரும்பப் போடலாம்.

உங்கள் சொந்தக்காரர்களிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்த விசேஷங்களின் பென் டிரைவ், சீடி, போனில் வந்த துண்டு வீடியோ என்று யாரிடமாவது ஏதாவது இருக்கும். டிஸ்க்கை மீட்கக் கொடுப்பதற்கு முன்னால் அவற்றைச் சேர்த்து எடுங்கள், எது எது இன்னும் கிடைக்கவில்லை என்று தெரிந்தால் மீட்கிறவரிடம் அந்தப் போல்டரை முதலில் பார்க்கச் சொல்லலாம்.